கோலாருக்குப் போனவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனால் கிணறு குட்டையில் தேட மாட்டார்கள். "கோலாருக்குப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கவலைப்படுகிற ஆள் ஒருவர்தான் இருப்பார். கல்யாணத்துக்கோ சாவுக்கோ அவனுக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்காக அவனைத் தன் பண்ணையில் வைத்திருந்தவர். என் அம்மாவின் அப்பா குடுபல்லியை விட்டுப் போனதும் அப்படித்தான் என்று ஆயா சொல்லும். இருட்டில் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே போனாராம். டிக்கெட்டுக்குக் காசில்லாததால் அல்ல. ஸ்டேஷனில் நின்றால் பண்ணைக்காரரின் ஆள் பார்த்துவிடுவான்.

கோலார் என்று எங்கள் ஆட்கள் சொன்னது கோலார் டவுனை அல்ல. அது வேறு ஊர், இன்னும் வடக்கே இருக்கிறது. இவர்கள் சொன்னது தங்கவயலை. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று மைன்களைச் சுற்றிப் பரந்து கிடந்த அந்த ஊர் முழுவதற்கும் "கோலார்" என்றால் போதும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் "மைன்ஸ்".

குடுபல்லி எங்கே இருக்கிறது என்று தமிழ்நாட்டில் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் தெற்கே நீண்டு, ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் தமிழ்நாடு என்று இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் குப்பம் பகுதியில், குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போட்ட ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டோடு கன்னடமும். 1911-ல் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரிக்கும் வரை அதன் பெரும்பகுதி வடஆற்காட்டோடுதான் இருந்தது. அதனால் தங்கவயலின் பழைய ஆட்கள் "நாங்க ஆற்காட்டு ஜில்லா" என்று சொன்னால் அதில் குடியாத்தத்துக்காரரும் இருப்பார், எங்கள் ஊர்க்காரரும் இருப்பார்.

தங்கத்தைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதைத்தான் எல்லாப் புத்தகமும் விரிவாகச் சொல்கிறது. 1802-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். பல வருஷங்கள் கழித்து அதைப் படித்த லாவெல் என்ற ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய், 1870-களில் மைசூர் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880-ல் லண்டன் கம்பெனியான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் தங்கவயல். அந்தப் புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வடஆற்காட்டையும் சேலத்தையும் உருக்குலைத்துவிட்டுப் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குழிக்குள் இறங்க ஆள் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது, எங்கேயாவது போய்விட வேண்டும் என்றிருந்த சனங்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி சேரிக்காரர்கள். கங்காணிகளும் மேஸ்திரிகளும் கிராமம் கிராமமாக வந்து ஆள் பிடித்தார்கள் என்பது உண்மைதான். பிடிக்காமலே போனவர்களும் என் தாத்தாவைப் போல நிறையப் பேர்.

தாத்தா போனது 1920-களின் கடைசியில். முதலில் மேல் வேலை, பிறகு ஷாஃப்டுக்குள். ஒரு வருஷம் கழித்து ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனார். மூங்கில் தட்டியால் சுவர் வைத்து, மண் தரை போட்டு, வரிசை வரிசையாகக் கட்டியிருந்த குடிசைகள். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். நாலு அடி நடந்தால் சுவரில் முட்டிக்கொள்கிற வீடு. குனிந்து உள்ளே போய், குனிந்தே வெளியே வர வேண்டும். ஆயா அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "குனிஞ்சது வாசப்படிக்குத்தான்டா" என்று ஒரு தடவை சொன்னது.

தாத்தாவைப் பற்றி ஆயா பெருமையாகச் சொல்கிற ஒரே கதை 1930 ஸ்ட்ரைக். தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. அப்போது சொல்லிக்கொள்ளும்படி சங்கம் ஒன்றும் கிடையாது. தலைவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. கூலி உயர்வு கேட்டு நடந்த ஸ்ட்ரைக் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு ரேகைக்காக ஏன் இத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள்? குற்றவாளிகளிடம்தான் ரேகை எடுப்பார்கள் என்ற கோபம் ஒரு காரணம் என்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஆட்களில் பாதிப் பேர் ஊரில் ஒரு பத்திரத்தில் கட்டைவிரலை உருட்டிவிட்டு, அந்தப் பத்திரத்திலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களிடம் போய் மறுபடியும் விரலை நீட்டச் சொன்னால் நீட்டுவார்களா? ஆயா இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லும்: "ஒருவாட்டி வெச்சதுக்கே ஊர வுட்டு ஓடியாந்தோம்."

1946-ல் நடந்தது இன்னும் பெரிய போராட்டம். அந்த வருஷம் நவம்பர் 4-ம் தேதி கம்யூனிஸ்ட் சங்கத்தைச் சேர்ந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தங்கவயலில் இன்றும் அந்தத் தேதிக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. என் அம்மா அப்போது கைக்குழந்தை.

கட்சிகள் வருவதற்கு முன்பே அங்கே பௌத்தம் வந்திருந்தது. அயோத்திதாசர் சென்னையில் ஆரம்பித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 1907 வாக்கிலேயே மாரிகுப்பத்தில் கிளை உண்டு. பிறகு சாம்பியன் ரீஃபிலும் வந்தது. அவர் 1914-ல் காலமான பின் நின்று போன "தமிழன்" பத்திரிகையை, 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்துதான் திரும்ப நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே சாம்பியன் ரீஃபில் இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் ஊரில் சேரிப் பிள்ளை ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறக்கூட முடியாத காலத்தில், அங்கே சுரங்கக் கூலிகள் காசு சேர்த்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், விகாரம் கட்டியிருக்கிறார்கள், சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டிருக்கிறார்கள். தாத்தா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துதான். முழு பௌத்தராக மட்டும் அவரால் ஆக முடியவில்லை. குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரை வருகிற மாதத்தில் ஆட்டுக்கறி அவரைப் பழையபடி எங்கள் ஊர்க்காரராக்கிவிடும்.

தாத்தா அறுபதைத் தாண்டவில்லை. இருமல்தான். இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நோய் முதன்முதலில் பதிவானதே 1934-ல், கோலார் தங்கவயலில்தான். வெடி வைத்து உடைக்கிற கல்லின் பொடி நுரையீரலில் போய்ப் படிந்து இறுகிவிடும். 1940-களில் அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு எத்தனை நுரையீரல் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

*

நான் பார்த்த தங்கவயல் 1970-களுடையது. ஆயாவும் மாமாவும் அத்தையும் சாம்பியன் ரீஃப் பக்கத்தில் ஒரு லைனில் இருந்தார்கள். தட்டி போய்க் கல் சுவரும் ஓடும் வந்திருந்தன. ஜான் டெய்லர் கம்பெனி போய், 1956-ல் மைசூர் அரசு எடுத்து, 1962-ல் மத்திய அரசுக்குக் கைமாறி, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயரும் மாறியிருந்தது. பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மா என்னையும் அண்ணனையும் ரயிலில் ஏற்றிவிடும். பிசாநத்தம், காமசமுத்திரம், வரதாபூர், பங்காரப்பேட்டை. அங்கே இறங்கி மாரிகுப்பம் வண்டிக்கு மாற வேண்டும். கோரமண்டல் தாண்டினதும் ஜன்னல் வழியாகச் சாம்பல் நிற மலைகள் தெரியும். மரம் கிடையாது, புல் கிடையாது. அரைத்த கல்லிலிருந்து சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு அது. காற்று அடித்தால் கண், மூக்கு, சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் அந்தப் பொடி. எங்களுக்கு அது சறுக்கி விளையாடுகிற மலை. அத்தைக்குத் தெரிந்தால் முதுகில் விழும்.

அந்த ஊர் சங்குக்குக் கட்டுப்பட்டு நடந்தது. ஷிஃப்டு சங்கு ஊதினால் ஒரு லைன் தூங்கப் போகும், அடுத்த லைன் அடுப்பு மூட்டும். குடுபல்லியில் நேரம் என்பது பண்ணைக்காரர் கூப்பிடும்போது தொடங்கி, அவர் போகச் சொல்லும்போது முடிவது. இங்கே சங்கு ஊதிய பின் ஒரு நிமிஷம்கூட எவனும் எவனுக்கும் வேலை செய்ய வேண்டியதில்லை. சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. மாமா ஷிஃப்டு முடிந்து வந்து குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்க்க மட்டும் பிடித்திருந்தது. ஊரில் என் நைனா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே எப்படி இருக்கும் என்று மாமாவை நச்சரிப்போம். ஒரே கேஜில் அடிமட்டம் வரை போய்விட முடியாது என்பார். பாதி ஆழத்தில் இறங்கி, நடந்து, வேறொரு கேஜ் பிடித்து இன்னும் கீழே போக வேண்டும். சாம்பியன் ரீஃபின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. உலகத்தில் அதற்கு மேல் ஆழமானவை தென்னாப்பிரிக்காவில்தான் இருந்தன. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றை மெஷின் வைத்துத் தள்ளினால்தான் மனிதன் நிற்க முடியும். "கோமணத்தோட நிப்போம்டா, அப்பவும் வேர்வ ஊத்தும்" என்பார். ஷிஃப்டு முடிந்து மேலே வந்தால் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் சிரிப்பார். டன் கல்லுக்கு நாலைந்து கிராம் தேறினால் பெரிது. கல்லில் மின்னுவதெல்லாம் வேறு ஏதோ தாதுவாக இருக்கும்.

அவர் வேலை பார்த்த அந்தப் பாதாளத்தில்தான் 1965-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகத்தில் முதல் முறை. இதை நான் காலேஜில் படித்துவிட்டு ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "டாடாக்காரங்க மெஷினு கீது, கிட்ட போவாதேன்னு மேஸ்திரி சொல்லுவாரு. எங்களுக்கு அவ்ளோதான் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது நம்மள பூந்து போவுதாமே, மெய்யா?" என்று கேட்டார். மெய்தான் என்றேன். அன்று சாயந்திரம் டீக்கடையில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்திரியில் திடீரென்று அலமாரியில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். தரை ஒரு தடவை தூக்கிப் போடும். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது. பழைய ஆட்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். நானும் அண்ணனும் பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அத்தை விளக்கைப் போடாமல் இருட்டிலேயே வாசலுக்குப் போய் நிற்கும். எதிர் வீட்டு அக்கா அவர்கள் வாசலில். பக்கத்து வீட்டில் யார் ஷிஃப்டில் இருக்கிறார்கள், எந்த மைன் பக்கமிருந்து சத்தம் வந்தது என்று ரெண்டு வார்த்தை. அதற்குமேல் பேச மாட்டார்கள். ஆட்டம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை வைத்தே எந்த மைன் என்று லைன் பெண்கள் கணித்துவிடுவார்கள். கெட்ட செய்தி என்றால் சற்று நேரத்தில் மொத்த லைனும் அந்த ஷாஃப்டு வாசலில் இருக்கும். கிறிஸ்தவர், இந்து, பௌத்தர், எந்தச் சங்கம் என்றெல்லாம் அங்கே கிடையாது. மறுநாள் வேலைக்குப் போகாமல் இருப்பார்களா என்றால், போவார்கள்.

டிசம்பர் லீவுக்குப் போனால் வேறு ஊர். விக்டரி மாதா கோயிலில் பாட்டு, லைனுக்கு லைன் பேப்பர் நட்சத்திரம், பேண்டு வாத்தியம், பேக்கரியில் வரிசை. கிறிஸ்துமஸ் கேக்கை நாங்கள் முதலில் தின்றது அங்கேதான். பொங்கலுக்கும் அதே கூட்டம், அதே பேண்டு. கால்பந்து மேட்ச் என்றால் மைன் மைனாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். எம்ஜிஆர் படம் வெளியானால் ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டர் வாசலில் நடப்பது மெட்ராஸில்கூட நடந்திருக்காது. கர்நாடகத்துச் சட்டசபைக்கு அண்ணா திமுக உறுப்பினரை அனுப்பிய ஊர் அது. குடியரசுக் கட்சியையும் அனுப்பியிருக்கிறது. அம்பேத்கர் படம் இல்லாத லைன் ஒன்றை நான் பார்த்ததில்லை.

சின்ன இங்கிலாந்து என்று அந்த ஊரைச் சொல்கிறார்கள். பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று. பங்களாப் பக்கம் நாங்கள் போனதில்லை, அதனால் அது எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதை என்று பெருமை பேசுவார்கள். பெருமைதான். ஆனால் கரண்டு வந்தது மெஷின்களுக்கும் பங்களாக்களுக்கும். லைனில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டுதான் ஆயா பிள்ளை பெற்றது.

மாமா ஊருக்கு வருவது ஜாத்திரைக்கு. பேண்ட், ஷூ, கைக்கடிகாரம், சைக்கிள். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டே வருவார். எங்கள் ஊரில் சேரிக்காரன் ஊர்த்தெருவில் சைக்கிளை மிதிக்கக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது, எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனிலிருந்து வர ஒரு சுற்று வழி உண்டு. மாமா அந்த வழியாக வந்ததே இல்லை. என்னை முன்னால் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டே ஊர்த்தெரு நடுவில் மிதிப்பார். திண்ணையிலிருந்து ஒருவர், "யாருடா அது?" என்பார். "கோலார்லேருந்து வரேன்" என்று சொல்லிவிட்டு மாமா மிதிப்பார். இன்னாருடைய மகன் என்று சொல்ல மாட்டார். நைனாவுக்குத்தான் பயம். "நீ ரெண்டு நாளுல போயிடுவ, நாங்க இங்கதான கீறோம்" என்று ஒரு வருஷம் சண்டையே வந்தது. நைனா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

*

எண்பதுகளில் எங்களுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. கோலாருக்குப் போகத் தேவையில்லாமல் மைன்ஸே எங்கள் பக்கம் வந்தது. கோலாரில் தங்கம் கிடைக்கும் பாறை வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் ஓடுகிறது. கர்நாடக எல்லை என்று பார்த்து அது நின்றுவிடாது. பிசாநத்தம், சிகுரகுண்டா, மல்லப்பகொண்டா என்று எங்கள் குடுபல்லி மண்டலத்துக்கு அடியிலும் போகிறது. பாரத் கோல்டு மைன்ஸ் சிகுரகுண்டாவிலும் பிசாநத்தத்திலும் சுரங்கம் நடத்தியது. கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவில் கேஜ் இறக்குகிற இரும்புக் கோபுரம் நின்றது. என் அண்ணனுக்கு அங்கே வேலை கிடைத்தது. காலையில் களி தின்றுவிட்டு சைக்கிளில் போய், வேலை முடித்துச் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுவான்.

நல்ல சம்பளம். வீட்டுக்கு ஓடு வந்தது, அக்கா கல்யாணம் நடந்தது. ஆனால் அண்ணன் மாமாவைப் போல ஆகவில்லை. ஷிஃப்டு முடிந்து திரும்பினால் அதே தெரு, அதே டீக்கடையில் தனி டம்ளர், அதே சுற்று வழி. சம்பளம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. சிகுரகுண்டா வேலை கொடுத்தது, ஊரைக் கொடுக்கவில்லை. லைன் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, கால்பந்து இல்லை, சங்கத்து நூலகம் இல்லை. யார் மகன் என்று கேட்காத ஒரு தெருகூட இல்லை.

2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். திடீரென்று நடந்ததல்ல. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு வந்துவிட்டது. எடுக்கிற செலவு விற்கிற விலையை எப்போதோ தாண்டிவிட்டது. நலிந்த கம்பெனிகளுக்கான வாரியத்துக்குப் போய், வழக்கு நடந்து, கடைசி வரை சங்கங்கள் போராடி, கடைசியில் பூட்டு. சிகுரகுண்டா, பிசாநத்தம் எல்லாவற்றுக்கும் அதே கதி. பம்புகள் நின்றதும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. நியூட்ரினோ பிடித்த இடமும் அதற்குள்தான்.

அண்ணனுக்கு நிலம் கொஞ்சம் இருந்தது, தக்காளி போட்டான். மாமாவுக்கு வயது ஐம்பத்தைந்து. ஊருக்கு வந்துவிடச் சொல்லி நைனா ஆள் அனுப்பினார். மாமா வரவில்லை. பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டியாகப் போனார். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி வந்த மனிதரை, கார் வந்தால் எழுந்து நின்று சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். ஆனால் சாயந்திரம் ரயில் ஏறி லைனுக்குத் திரும்பிவிடுவார். கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பதை விடவில்லை.

தங்கவயலின் வாழ்க்கை பாதி அந்த ரயிலுக்குள் குடிபோய்விட்டது. மாரிகுப்பத்தில் விடியுமுன் கிளம்புகிற வண்டியில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்குப் போகிறார்கள். கட்டட வேலை, கார்மெண்ட்ஸ், ஆஸ்பத்திரி, ஐடி கம்பெனி, எல்லாம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஒரு பெட்டியில் ஜெபம், ஒரு பெட்டியில் பஜனை, ஒரு பெட்டியில் சீட்டு. சீட்டுப் பணமும் அதற்குள்தான் பிடிப்பார்கள், கல்யாணமும் அதற்குள்தான் பேசுவார்கள். பாட்டன் ஒரே கேஜில் இறங்கிய கூட்டம் பேரன் காலத்தில் ஒரே பெட்டியில் ஏறுகிறது. எங்கள் ஸ்டேஷனிலும் காலை வண்டிக்கு இப்போது நல்ல கூட்டம். அதே துண்டு, அதே இடம் பிடிக்கிற சண்டை.

கேஜிஎஃப் என்ற சினிமா வந்த பிறகு எங்கே போனாலும், "ராக்கி பாய் ஊரா?" என்று கேட்கிறார்கள். 2024-ல் பா. ரஞ்சித் எடுத்த "தங்கலான்" வந்தபோது அத்தையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். வடஆற்காட்டு மிராசிடமிருந்து விடுபடத் தங்கம் தேடிப் போகிறவர்கள் கதை. மாயம், பாம்பு, சாபம் எல்லாம் அத்தைக்குச் சரிப்படவில்லை. முதல் அரைமணி நேரத்தை மட்டும் ஒப்புக்கொண்டது.

மாமா இப்போது இல்லை. அத்தை அதே லைன் வீட்டில் இருக்கிறது. வீடுகளைக் குடியிருப்போர் பெயருக்கே எழுதித் தர வேண்டும் என்ற கோரிக்கை இருபது வருஷத்துக்கு மேலாகத் தங்கவயலில் ஒவ்வொரு தேர்தலிலும் எழும். சில வருஷங்களுக்கு முன் ஆந்திர அரசு சிகுரகுண்டா-பிசாநத்தம் சுரங்கத்தை ஏலம் விட, மத்திய அரசின் என்எம்டிசி நிறுவனம் அதை எடுத்தது. அதிலிருந்து குடுபல்லி டீக்கடைகளில் வேறு பேச்சு கிடையாது. நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சென்ட் என்ன விலை போகும் என்று கவலை. எங்கள் தெருவில், எத்தனை பேரை எடுப்பார்கள், ஐடிஐ போதுமா, டிப்ளமோ வேண்டுமா என்று கவலை.

போன ஜாத்திரைக்கு அத்தை வந்திருந்தது. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, அண்ணன் மகனைக் கூப்பிட்டது.

"ஏண்டா, அவுனுங்க ஆஸ்பத்திரி கட்டுவானுங்களா?"

"தெரியல ஆயா."

"தண்ணி எங்கேருந்து வரும்? எங்களுக்குப் பேத்தமங்கலத்துல பாலாத்துலேருந்து வெள்ளக்காரனே கொண்டாந்தான்."

"தெரியல."

"வூடு?"

"இப்ப யாரு ஆயா லைன்ல இருப்பாங்க? பைக்ல போயிட்டு வந்துடுவோம்."

"பைக்ல போயிட்டு இதே தெருவுக்கா வருவ?" என்றது அத்தை. "அதுக்குப் பெங்களூருக்கே போடா. காலைல வண்டி எத்தன மணிக்கு?"